நீலச் சட்டையும் இரவல் தட்டும்

“ஹலோ... அது என்னோட டாப்பாவ்!”

சுகுமாறன் திரும்பினான். புக்கிட் பெருந்துங்கில் அடைமழை. இக்பாலின் உணவுக்கடை வாசலில், நனைந்த கூந்தலைக் காதோரம் ஒதுக்கியபடி ஒருத்தி நின்றாள். குரலில்தான் கோபம். கண்கள் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தன...

“இல்லீங்க, இது என் பார்சல்.”

“பார்சலா? அது போஸ்ட் ஆபீஸ்ல லா! இங்க சாப்பாடு கட்டிக் குடுத்தா டாப்பாவ். ஊர்லேர்ந்து புதுசா வந்தவரா?”

“தென்காசி. இந்த நாட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு.”

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ். அவன் கேட்டதோ மூன்று தோசை. அசடு வழிய நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு போனாள், கூடவே அவன் மனசையும்.

பெயர் மாதவி. அவன் இயந்திரப் பொறியாளராக இருந்த தொழிற்சாலைக்கு அடுத்ததில் ஸ்டோர் கிளார்க். அதன்பிறகு தினமும் மாலையானால் சுகுமாறனுக்கு இக்பால் கடையில்தான் பசித்தது. இரண்டு மாதம் ஓடியதே தெரியவில்லை. தீபாவளி முடிந்த வாரம் அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்...

“சனிக்கிழம கோலசிலாங்கூர்ல எங்க வீட்டுக்கு வாங்க. அப்பா, அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன். அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க.”

தென்காசியில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்குப் போன் போட்டான். அம்மா முதலில் அழுதாள், பிறகு பட்டியல் சொன்னாள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், தேங்காய். தட்டை இக்பாலிடம் இரவல் வாங்கினான். எதற்கென்று சொல்லவில்லை. வெட்கம்!

சனிக்கிழமை அந்த வீட்டு வாசலில் கூடாரம். பாஜு கூரோங் உடுத்திய மலாய்ப் பெண்கள், சீனக் குடும்பங்கள், வாய் நிறைய முறுக்குடன் பிள்ளைகள். ஆகா... ஊரையே கூட்டிவிட்டார்களே! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதவியின் அப்பா ஐயாவு, கோழிப் பிரட்டலைப் பரிமாறிக்கொண்டிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர், எதற்கும் அசராதவர். சுகுமாறன் தட்டை அவர் கையில் திணித்துவிட்டுக் காலில் விழுந்தான்.

“மாமா, எனக்குப் பரிபூரண சம்மதம்!”

கரண்டி கீழே விழுந்தது.

“என்னா தம்பி... எதுக்குச் சம்மதம்?”

மாதவிக்குச் சட்டென்று புரிந்தது. சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை.

“ஐயோ, இது ஓப்பன் ஹவுஸ் லா! தீபாவளிக்குத் தெரிஞ்சவங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். எண்பது பேரக் கூப்பிட்டிருக்கேன்!”

எண்பதில் ஒருவன்... அவ்வளவுதானா? சுகுமாறன் விறுவிறுவென்று வெளியேறினான். பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் என்ன சொல்வான்? இனி இக்பால் கடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்தான். எடுத்த பிறகுதான் தட்டு ஞாபகம் வந்தது.

“தட்ட மறந்துட்டீங்க.”

குடையோடு மாதவி. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

“குடுங்க. கடையோடது.” அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கோவமா?”

“அத்தன பேர் முன்னாடி சிரிச்சீங்க.”

“சிரிச்சது தப்புதான்... சாரி. உங்கள எனக்குப் புடிச்சிருக்குன்னு எங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் ரெண்டு மாசமா பயந்துக்கிட்டிருக்கேன். நீங்க பொசுக்குனு தட்டோட காலுல விழுந்துட்டீங்க!”

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

“எண்பது பேரக் கூப்பிட்டேன். என்ன சட்ட போடணும்னு ஒருத்தருக்குத்தான் சொன்னேன்... என் சேலைய இப்பவாச்சும் பாருங்க.”

அப்போதுதான் பார்த்தான். நீலச் சேலை! அவன் சட்டையின் அதே நீலம். கூந்தலில் மல்லிகை... அது அவன் வாங்கி வந்த மல்லிகை.

அவள் நீட்டிய தட்டை வாங்கிப் பார்த்தான். காலியாக இருந்தது.

“பழம், தேங்காயெல்லாம் எங்க?”

“அப்பா சாமி மேடையில வச்சிட்டாரு. பூவ அம்மாதான் வச்சிவிட்டாங்க.” அவள் முகம் சிவந்தது. “எனக்கும் பரிபூரண சம்மதம்... போதுமா?”

அவன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். வாயில் வந்த வார்த்தைதான் உருப்படியாக வரவில்லை.

“அப்போ... கோழிக்கறி கொஞ்சம் டாப்பாவ் கெடைக்குமா?”

“கெடைக்காது.” அவள் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். “மாப்பிள்ளைக்கு டாப்பாவ் இல்லையாம். உள்ள வந்து உக்காந்துதான் சாப்பிடணுமாம்.”