அகனிசி கூப்பிட்ட ஒன்பது பேர்

அன்று சனிக்கிழமை. அகனிசி தனியாகச் சமைத்த முதல் நாள்.

அவளுக்குப் பதினோரு வயது. அம்மா கிராமத்து மருத்துவ நிலையத்தில் நர்ஸ். அப்பா கப்பலில் வேலை செய்கிறார். கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். காலை ஆறு மணிக்கு அம்மா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"இன்னைக்கு மதியச் சாப்பாடு உன் பொறுப்பு. நல்லபடியா முடிச்சுட்டேன்னா, இனிமே சனிக்கிழமை அடுப்பு உன்னோடது. ரெண்டு மணிக்கு வர்றேன்."

இரண்டு வருடமாக அகனிசி காத்திருந்த வார்த்தை அது. ஆனால் பதினான்கு வயது அண்ணன் அபெனிசாவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, நான் எதுக்கும் இப்பவே ரெண்டு வாழைப்பழம் தின்னு வெச்சுக்கிறேன். போன தடவை இவ சுட்ட பபகாவை வீசினதுல கோழி மயங்கி விழுந்துச்சு."

"விழலை! கோழி தின்னுச்சு!" என்றான் ஆறு வயதுத் தம்பி சேமி.

பபகாவ் என்றால் எண்ணெயில் பொரிக்கும் உப்பலான ரொட்டி. போன தடவை அது உப்பவில்லை, அவ்வளவுதான். அகனிசி அதற்கெல்லாம் அசரவில்லை. மரவள்ளிக்கிழங்கை உரித்து அவித்தாள். இரண்டு டின் மீனை வெங்காயத்தோடும் மிளகாயோடும் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டாள். பபகாவுக்கு மாவும், சாயங்காலத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகவே, பிசைந்து வைத்தாள். நாலு பேருக்குக் கச்சிதமான சாப்பாடு. ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு நன்றாக இருந்தது.

மணி பன்னிரண்டுதான் ஆகியிருந்தது. பாயின் மேல் துணி விரித்து, தட்டுகளை வைத்து, வீட்டின் மூன்று கதவுகளையும் திறந்து போட்டாள்.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு விரித்த வீட்டின் முன்னால் யார் போனாலும், "வாங்க, சாப்பிடலாம்!" என்று கூப்பிட வேண்டும். போகிறவர் கையை ஆட்டி, "வினாகா, வினாகா! நீங்க சாப்பிடுங்க" என்று நன்றி சொல்லிவிட்டு நடக்க வேண்டும். வயிறு காய்ந்தாலும் அப்படித்தான். கூப்பிடுகிறவருக்கும் மரியாதை, போகிறவருக்கும் மரியாதை. சோறும் மிச்சம்.

அம்மா வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனால் அகனிசியால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் சமைத்தது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் தோமாசி வாத்தியார் சைக்கிளில் வந்தார்.

"வாங்க சார், சாப்பிடலாம்!"

"வினாகா, வினாகா! அம்மா வேலைக்குப் போயிட்டாங்களே, யாரு சமையல்?"

"நானேதான் சார்!"

"அடேங்கப்பா!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த 'அடேங்கப்பா' அகனிசிக்கு இனித்தது. இன்னொன்று வேண்டும் போல இருந்தது. தெருமுனையில் தலைகள் தெரிந்ததும், யார் எவர் என்று பார்க்காமல் படியில் ஏறி நின்று கத்தினாள்.

"வாங்க! எல்லாரும் வாங்க! சாப்பிடலாம்!"

வந்தது மேல் கிராமத்துப் பாடகர் குழு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் போட்டிக்கு ஒத்திகை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் லாரி நின்றுபோய்விட்டதாம். கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரமாக நடந்து வருகிறார்கள். வீடு போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அவர்களுக்கு முன்னால் வேர்க்க விறுவிறுக்க வந்தது மகெரேட்டா அத்தை, அப்பாவின் அக்கா.

அத்தை வழக்கப்படி கையை ஆட்டவில்லை.

"என் தம்பி வீடுதானே, வெக்கம் என்ன? செருப்பைக் கழட்டுங்க எல்லாரும்!"

சேமி வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினான். "அக்கா, ஒம்போது பேர். ஒருத்தர் ரெண்டு பேர் அளவுக்கு இருக்கார்."

அகனிசி சமையல் கொட்டகைக்கு ஓடினாள். நாலு பேர் சாப்பாடு. வந்திருப்பவர்கள் ஒன்பது. கூப்பிட்டது அவள்தான். கூப்பிட்டவர்கள் அரை வயிற்றோடு எழுந்து போனால், லாரி ரிப்பேர் ஆவதற்குள் சேதி மேல் கிராமத்துக்குப் போய்விடும். அம்மா தலையைக் குனிய வேண்டியிருக்கும். அகனிசிக்கு அழுகை முட்டியது.

அபெனிசா பின்னாலேயே வந்தான். "வாய் பெருசு, பானை சின்னது. இப்ப என்ன பண்ணப் போற?"

அகனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். சேம்பு இலை குடை குடையாக விரிந்து கிடந்தது. பக்கத்தில் மரவள்ளி. அதற்கும் அப்பால் காய்த்துத் தொங்கிய தென்னை.

"அண்ணா, கேலி அப்புறம் பண்ணு. நாலு தேங்கா பறிச்சுத் துருவிக் குடு. அப்படியே ரெண்டு மரவள்ளியைப் பிடுங்கிப் போடு. சேமி, அந்த எலுமிச்சை இலையைக் கை நிறைய பறிச்சுக்கிட்டு வா."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அபெனிசா மறுபேச்சுப் பேசாமல் மரம் ஏறினான்.

பெரிய பானை அடுப்பில் ஏறியது. அதில் நரம்பு கிள்ளிய சேம்பு இலை வெந்தது. இன்னொரு அடுப்பில் கிழங்கு. மூன்றாவதில் எலுமிச்சை இலை போட்ட தேநீர். தேநீர் கொதித்ததும் இறக்கிவிட்டு, அதே அடுப்பில் எண்ணெயைக் காயவைத்து மாவை உருட்டிப் போட்டாள். பபகாவ் ஒவ்வொன்றும் புஸ்ஸென்று உப்பி வந்தது.

"உப்புதுடி!" என்றான் அபெனிசா. தேங்காய் துருவும் கை அப்படியே நின்றுவிட்டது.

"வாயை மூடிட்டுத் துருவு."

முதலில் தேநீரும் பபகாவும் போயின. ஒன்பது பேரும் அதை ஊதி ஊதித் தின்றார்கள். பத்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு மகெரேட்டா அத்தையின் குரல் கேட்டது.

"ஏம்மா அகனிசி! தேங்காப்பால் வாசம் இங்க வரைக்கும் அடிக்குது. வெந்த வரைக்கும் கொண்டாந்து வையேன். பசி உயிர் போகுது!"

அத்தைக்கு இல்லை என்று சொல்ல ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. அகனிசி பானையைத் திறந்து பார்த்தாள். இலை சுருங்கிவிட்டது. ஆனால் இன்னும் வேக வேண்டும். கரண்டியைக் கையில் பிடித்தபடியே வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் அத்தை."

"என்னது?"

"சேம்பு இலை அரைவேக்காடா இருந்தா தொண்டை அரிக்கும். நாளைக்கு நீங்க எல்லாரும் போட்டியில பாடணுமே."

அத்தையின் புருவம் மேலே போனது. சேமி மெல்ல அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அப்போது இரண்டு பேர் அளவுக்கு இருந்த வில்லியாமே மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். குழுவிலேயே கனத்த குரல் அவருக்குத்தான்.

"நல்ல வேளை சொன்ன பாப்பா! இந்தத் தொண்டை அரிச்சா நாளைக்குப் பாட்டு இல்ல, இருமல்தான்!"

"இன்னைக்குப் பழகின பாட்டை இன்னொரு தடவை பாடுங்களேன்," என்றாள் அகனிசி. "அது முடியறதுக்குள்ள வெந்துடும்."

பாடினார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அகனிசி கொட்டகையில் தேங்காய்ப்பாலைப் பிழிந்து கீரையில் ஊற்றினாள். நாலு பேருக்குச் சமைத்த மீனை அதில் கொட்டிக் கலந்தாள். இறக்கும்போது இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டாள். இப்போது ஒரு பெரிய பானை நிறையச் சாப்பாடு இருந்தது.

அத்தை ஜெபம் சொன்னாள். சின்ன ஜெபம். பசி அப்படி.

பிறகு ஒன்பது பேரும் சாப்பிட்டார்கள். இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். வில்லியாமே மாமா மூன்றாவது தடவையும் வாங்கினார். அத்தை கடைசிக் கிழங்குத் துண்டால் தட்டைச் சுற்றித் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு அகனிசியைப் பார்த்தாள்.

"கடைசியில என்ன போட்ட?"

"எலுமிச்சை, அத்தை."

"ம்," என்றாள் அத்தை.

அபெனிசா தங்கையின் காதில் கிசுகிசுத்தான். "அத்தை குறை சொல்லாம எழுந்து நான் பார்த்ததே இல்ல."

அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா வந்தாள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த களைப்பு முகத்தில் தெரிந்தது. எல்லாரையும் கும்பலாகப் பார்த்து, சிரித்து, வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து பெரிய பானையைத் திறந்தாள். அடியில் ஒரு கரண்டி கீரைகூட இல்லை.

அகனிசிக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்குச் சமைச்சதையும் சேர்த்துக் குடுத்துட்டேன்மா."

"அவங்களை யாரு கூப்பிட்டது?"

"நான்தான். நான் சமைச்சேன்னு எல்லாருக்கும் தெரியணும்னு."

அம்மா பாயில் உட்கார்ந்தாள். துடைத்து வைத்தது போல இருந்த ஒன்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லாத் தெரிஞ்சிருக்கும்! மேல் கிராமம் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்!"

சட்டியில் இன்னும் கொஞ்சம் மாவு இருந்தது. எட்டு பபகாவ் வந்தது. நாலு பேரும் தேநீரில் தொட்டுத் தொட்டுத் தின்றார்கள். அம்மா இரண்டாவதைப் பிய்த்தபடியே சொன்னாள்:

"இனிமே சனிக்கிழமை அடுப்பு உன்னோடது. வீட்டுக்கு வந்தவங்க வயிறு நிறைஞ்சு போனாங்க. எனக்கு இதுக்கு மேல என்ன வேணும்? எனக்கு ரொம்பப் பெருமையா இருக்குடி."

அபெனிசா நான்காவது பபகாவை எடுக்கப் போனான். சேமி அவன் கையைத் தட்டிவிட்டான். "அது கோழிக்கு!"

அடுத்த சனிக்கிழமை மதியம் மேல் கிராமத்து லாரி தெருவில் வந்து, சரியாக அகனிசியின் வீட்டு முன்னால் நின்றது. போட்டியில் ஜெயித்த ஒன்பது பேரும் அதில் இருந்தார்கள். மகெரேட்டா அத்தை ஒரு கட்டு சேப்பங்கிழங்கோடு இறங்கினாள்.

"என்ன பண்றது அகனிசி, லாரி மறுபடியும் ரிப்பேர்," என்றாள்.

லாரியின் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"அடடா, பாவம்!" என்றாள் அகனிசி. காலையிலேயே பெரிய பானையில் சமைத்து வைத்திருந்த அவள், மூன்று கதவுகளையும் திறந்துவிட்டுச் சத்தமாகக் கூப்பிட்டாள்:

"வாங்க, சாப்பிடலாம்!"