ஒன்பது பெண்களின் நெஞ்சில் ஒரு நிழல்

பிரிக்பீல்ட்ஸில் வேலாயுதத்தின் வீட்டுக்குள் வந்த டாக்டர் முத்துக்குமாரு தொப்பியைக் கழற்றக்கூட மறந்து, இரண்டு கட்டுரைகளை மேசைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை விசாரணை. நான் கள்ளனெண்டு தீர்த்தால் வேலை போகும். முந்தி அச்சிலை வந்த என்ரை மூண்டு கட்டுரையையும் களவெண்டுதான் சொல்லுவினம்."

வேலாயுதம் ரயில்வே போலீஸில் இருபது வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையை டைப்பிஸ்ட் ராதாகிருஷ்ணன் தீர்த்துவைத்தான். ஆபீஸ் விட்டால் நேரே இங்கே வந்து, வழக்கு விளங்குமுன்னே குற்றவாளியைப் பிடித்துவிடுவான்.

விஷயம் இதுதான். முத்துக்குமாரு கிள்ளானில் நுரையீரல் மருத்துவர். காப்பார் தோட்டமொன்றில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கூடத்து ஆட்கள் ஏன் ஓயாமல் இருமுகிறார்கள் என்று இரண்டு வருஷம் ஆராய்ந்து, நாற்பது பேரை எக்ஸ்ரே எடுத்தார். தாயார் காலமாகி யாழ்ப்பாணம் போய்வந்து கட்டுரையை அனுப்பினால், சஞ்சிகைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். அதே ஆராய்ச்சி போன மாதமே அச்சாகிவிட்டதாம், டாக்டர் அந்தோனிப்பிள்ளையின் பெயரில். அவர் இவரோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவர்; படங்களும் கட்டுரைப் பிரதியும் அந்த அறையில்தான் இருந்தன. படங்களை எடுத்ததே தான்தான், முத்துக்குமாருதான் காப்பியடித்தார் என்று அவர் சாதிக்கிறார்.

"தோட்டத்து ஆளுங்களைக் கேட்டா தெரிஞ்சு போச்சு" என்றான் ராதாகிருஷ்ணன்.

"கூலியாக்கள் தங்களுக்கு மருந்து தந்தவனுக்காகத்தான் பேசுவினமெண்டு அந்தோனிப்பிள்ளை முந்தியே சொல்லிப்போட்டார். விசாரணைச் சபையும் அதை ஏற்றுக்கொண்டுது."

வேலாயுதம் இரண்டு கட்டுரைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ராதாகிருஷ்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வரிக்கு வரி ஒன்றுதான். ஆனால் அச்சான கட்டுரையில் ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. பதினான்கு பெண்களில் ஒன்பது பேருக்கு மூச்சுக்குழாயை ஒட்டி மங்கலான ஒரு நிழல் தெரிகிறது, ஆண்கள் யாருக்கும் அது இல்லை, காசத்தில் சுண்ணாம்பேறிய முடிச்சாக இருக்கலாம் என்றது அது.

"இந்தப் பத்தியைப் பார்த்தீங்களா, டாக்டர்?"

"இல்லை. என்ரை எழுத்தை இன்னொருத்தற்றை பேரிலை வாசிக்க என்னாலை ஏலாது."

டாக்டர் போனதும் ராதாகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அவருக்குத் தெரியாத ஒண்ணு மத்தவருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்மாளு பொய் சொல்றாரு."

வேலாயுதம் அந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தார். மறுநாள் இருவரும் காப்பாருக்குப் போனார்கள். புகைக்கூடத்து வாசலில் பதினான்கு பெண்களிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "வீட்டுக்காரர் என்னம்மா வேலை பார்க்கிறார்?" இருமலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராதாகிருஷ்ணனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் குறித்துக்கொண்டான். டாக்டரின் எக்ஸ்ரே படங்களில் இருந்த பெயர்களோடு சரிபார்த்தால், நிழல் விழுந்த ஒன்பது பேரின் கணவன்மாரும் ரப்பர் மரத்துப் பால்வெட்டு, லோரி, காவல் என்று ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். நிழல் இல்லாத ஐந்து பேரில் மூவர் விதவைகள், இருவருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை விசாரணைச் சபை கூடியது. தலைமை மருத்துவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அந்தோனிப்பிள்ளை வெள்ளைக் கோட்டில் மிடுக்காக இருந்தார். முத்துக்குமாரு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு சந்தேகம் டாக்டர்" என்றார், முத்துக்குமாருவுக்காகப் பேச வந்திருந்த வேலாயுதம், அந்தோனிப்பிள்ளையிடம். "படம் எடுக்கிறப்ப உடம்புல இருந்த நகையெல்லாம் கழட்டச் சொன்னீங்களா?"

"கட்டாயம். அது விதி. ஒரு ஊசி இருந்தாலும் படத்திலை விழும்" என்றார் அந்தோனிப்பிள்ளை.

"ஒருத்தரையும் விடாம?"

"நானே நிண்டு பாத்தனான்."

வேலாயுதம் தலைமை மருத்துவரைப் பார்த்தார். அவர் இரண்டு படங்களை வெளிச்சத்தில் பிடித்தார். நிழல் விழுந்த ஒன்பது பேரில் ஒருத்தியான தனலெட்சுமியை வேலாயுதம் கேட்டுக்கொண்டபடி அன்று காலை அவரே எடுத்த படங்கள் அவை. முதல் படத்தில் அதே மங்கலான நிழல் இருந்தது. இரண்டாவதில் இல்லை.

"முதல் தடவை தாலி முதுகுப் பக்கம் கிடந்துச்சு" என்றார் வேலாயுதம். "ரெண்டாவது தடவை பல்லுல கடிச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான். பிலிம் நெஞ்சுக்கு முன்னால இருக்கு. முதுகுல கிடக்கிற பொருள் தள்ளி இருக்கிறதால நிழல் கலங்கி விழுது, தாலின்னு அடையாளம் தெரியல. புருஷன் உள்ளவங்களுக்கு மட்டும் வந்து, விதவையையும் கன்னிப் பொண்ணையும் விட்டுட்டுப் போற காசம் எங்கேயாவது உண்டா? படமெடுத்தவர் தாலியைக் கழட்டச் சொல்லல. நீங்க கழட்டினதா சொல்றீங்க. அப்ப இந்தப் படங்களை எடுத்தது நீங்க இல்ல."

தலைமை மருத்துவர் முத்துக்குமாரு பக்கம் திரும்பினார்.

"தாலியைக் கழட்டுங்கோ எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை, சேர்" என்றார் முத்துக்குமாரு. "பின்பக்கம் தள்ளிவிடச் சொன்னனான். அந்த நிழல் என்னவெண்டு தெரிஞ்சபடியால் கட்டுரையிலை எழுதேல்லை."

ராதாகிருஷ்ணனுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனைப் போய்ப் பொய்யன் என்று சொன்னோமே என்று மனசு குறுகுறுத்தது.

அந்தோனிப்பிள்ளையின் மிடுக்கெல்லாம் போய்விட்டது. விதிப்புத்தகத்தில் இருப்பதுதான் எக்ஸ்ரே எடுத்த அறையிலும் நடந்திருக்கும் என்று அவர் நம்பிவிட்டார். "பத்து வருஷமாய் என்ரை பேர் ஒரு இடத்திலையும் அச்சிலை வரேல்லை" என்றார், தரையைப் பார்த்து.

முத்துக்குமாரு எழுந்து அவர் அருகே போனார். அடிக்கப் போகிறார் என்றே ராதாகிருஷ்ணன் பயந்தான்.

"ஒரு நாள் என்னோடை காப்பாருக்கு வந்திருந்தியெண்டால்," என்றார் முத்துக்குமாரு. "உன்ரை பேரையும் சேர்த்துத்தானே போட்டிருப்பன்."