துடைக்கக் கூடாத கண்ணாடி

உருளைக்கிழங்கு தேய்த்த கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. பொலிவியாவின் யுங்காஸ் மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிற எவரும் இதை அறிவர். ரெனான் கிஸ்பெர்ட் அவர்களும் அறிவார். அன்று நண்பகலில், லா பாஸ் நகரில் தம் வீட்டு வாசலில், கிழங்கொன்றை இரண்டாக வெட்டி, காரின் முன்கண்ணாடி உட்புறம் முழுவதையும் அதன் வெட்டுமுகத்தால் பொறுமையாகத் தேய்த்து, மாவுப்பால் உலர்ந்த பின் பழைய சட்டைத்துணியால் மெருகேற்றிவிட்டுத்தான் அவர் புறப்பட்டிருந்தார். ஆகவே, கணவாயைக் கடந்து இறக்கம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, கண்ணாடியின் அடிவிளிம்பிலிருந்து வெண்மையான ஒரு படலம் பாலில் ஆடை கட்டுவதைப் போல மெல்ல மேலேறி வந்ததைக் கண்டபோது, அவருக்கு முதலில் அச்சம் தோன்றவில்லை. தம் வேலையில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டதே என்ற சிறு கூச்சமே தோன்றியது.

பின்னிருக்கையில் அவருடைய மனைவி நில்தா, எட்டு மாதக் குழந்தை அதெமாரை வண்ணக் கம்பளித் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். குழந்தையின் மூச்சு, ஈரத்துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பதைப் போன்ற ஓசையுடன் வந்து போய்க்கொண்டிருந்தது. மலை உச்சியின் மெல்லிய காற்று இந்த நுரையீரலுக்குப் போதாது, இன்றே கீழே வெப்பமான பள்ளத்தாக்குக்குக் கொண்டு செல்லுங்கள், இறங்க இறங்க மூச்சு தானாகச் சீராகும் என்று மருத்துவர் காலையில் கூறியிருந்தார். அந்தப் பள்ளத்தாக்கின் கொரோய்கோ ஊரில் நில்தாவின் அக்காள் வீடு இருந்தது. இருட்டுவதற்குள் அங்கே சேர்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவசரத்தில்தான் கணவாயில் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இறக்கத்திற்கு முன் ஓட்டுநர்கள் எல்லோரும் அங்கே இறங்கி, எரிசாராயத்தைச் சக்கரங்களிலும் மண்ணிலும் தெளித்து, பூமித்தாயிடம் உத்தரவு பெற்ற பிறகே செல்வார்கள். சாராயம் விற்கும் அசுந்தா அம்மாள் தொப்பியைச் சரிசெய்தபடி ஜன்னலருகே வந்து, சிறிய பாட்டில் ஒன்றை நீட்டினார்.

“இறங்கி ரெண்டு சொட்டு ஊத்திட்டுப் போ மகனே. காலையிலேருந்து அவளுக்குத் தொண்டை வறண்டு கிடக்கு.”

“குழந்தைக்கு முடியலம்மா. கீழ போய்ச் சேர்ந்ததும் முழு பாட்டிலையும் ஊத்திடுறேன். அவ கோவிச்சுக்க மாட்டா.”

“நீ வர்ற வரைக்கும் பொறுத்துப் போறதுக்கு அவ என்ன உன் மாமியாரா?”

“எங்கம்மா என்னைக்குப் பொறுத்துப் போயிருக்காங்க?” என்று பின்னாலிருந்து நில்தா கூற, மூவருமே சிரித்துவிட்டனர். பல நாள்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. ரெனான் பாட்டிலை வாங்கிப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போது படலம் கண்ணாடியின் பாதிக்கு ஏறியிருந்தது. அவர் தம் பக்கத்து ஜன்னலைச் சற்றே இறக்கினார். உள்ளேயும் வெளியேயும் காற்று ஒரே குளிரில் இருந்தால் ஆவி படியாது. ஈரமண்ணும் அழுகிய பெரணிச்செடிகளும் கலந்த வாசனை உள்ளே நுழைந்தது. படலம் நிற்கவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தது அந்தப் பாட்டில்தான். செய்தித்தாளைக் கசக்கி, அதில் சாராயத்தைத் தாராளமாக ஊற்றிக்கொண்டார்.

“ரெனா, அது அவளுக்கு வாங்கினதுல்ல?”

“ரோடு தெரியலன்னா அவளுக்கு ஊத்த ஆளே மிஞ்ச மாட்டோம் நில்தா.”

“உன் வாய்ல நல்ல வார்த்தையே வராது.”

ஒரே இழுப்பில் கண்ணாடி பளிச்சென்று துலங்கியது. சாலையின் மஞ்சள் கோடும், பாறைச்சுவரில் வழிந்த நீரும், நெடுந்தொலைவில் வளைவில் மறைந்த லாரியின் பின்புறமும் மிகத் தெளிவாகத் தெரிந்தன. அதே நொடியில், பின்னிருக்கையில் கிழிந்துகொண்டிருந்த ஈரத்துணியின் ஓசை நின்றது.

நின்றது, பின் ஒரு திணறலுடன் மீண்டும் தொடங்கியது. “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்று நில்தா குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுக்கும் ஓசை கேட்டது. ரெனான் அதை அப்போது வேறெதனோடும் இணைத்துப் பார்க்கவில்லை.

சற்றுத் தொலைவில் காவலர் ஒருவர் கையசைத்து வண்டியை நிறுத்தினார். புதிய சாலையில் மண் சரிந்திருந்தது. பழைய சாலை வழியாகத்தான் இறங்க வேண்டும். நாட்டின் மற்ற சாலைகளில் எல்லோரும் வலப்புறம் செல்ல, அந்தப் பழைய சாலையில் மட்டும் இடப்புறம் செல்வது வழக்கம். வண்டியின் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் தம் ஜன்னல் வழியே தலையை நீட்டி, தம் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு மண் மிச்சமிருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பாறையிலிருந்து அருவிகள் வண்டியின் கூரை மீதே விழுந்தன. பள்ளத்திலிருந்து மேகம் எழுந்து வந்து சாலையில் படுத்துக்கொண்டது. மாலை வெளிச்சம் அந்த வெண்மைக்குள் புகுந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாதபடி எங்கும் சாம்பல் நிறமாகப் பரவியது.

கண்ணாடி மீண்டும் மங்கியது. இம்முறை அடியிலிருந்து அல்ல. எல்லா இடத்திலும், ஒரே சமயத்தில். ரெனான் சட்டைத்துணியால் அவசரமாகத் துடைத்தார். பின்னால் குழந்தை திணறியது. துடைத்த துணியை மடியில் போட்டபோது அவர் விரல்கள் அதிலேயே தயங்கி நின்றன. துணி உலர்ந்திருந்தது. இவ்வளவு ஈரத்தை வழித்தெடுத்த துணி, வெயிலில் காய்ந்ததைப் போல மொரமொரவென்று உலர்ந்திருந்தது.

அவர் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினார். தூசியின் கருகல் வாசனையோடு வெப்பக் காற்று மேலெழுந்தது. படலம் ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. சீராக, நிதானமாக, நடுவை நோக்கி.

“ரெனா.”

“ம்.”

“ரெனா, இவன் மூச்சு விடல.”

அவர் திரும்பிப் பார்த்தார். குழந்தையின் உதடுகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. கண்கள் மட்டும் அகல விழித்து, தாயின் முகத்தையல்ல, முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் கை தானாக நீண்டு ஹீட்டரை அணைத்தது. ஏனென்று அவரால் சொல்லியிருக்க முடியாது. காற்றின் இரைச்சல் அடங்கியது. சுருங்கிக்கொண்டிருந்த படலம் நின்றது; தயங்கியது; மெல்ல மீண்டும் விரிந்தது. அது விரிய விரிய, குழந்தையின் நெஞ்சு உயர்ந்தது.

“வந்துருச்சு,” என்றார் நில்தா அழுதபடி. “வந்துருச்சு சாமி. என்ன பண்ணின நீ?”

“ஒண்ணும் பண்ணல.”

அடுத்த வளைவில், அவர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. சுட்டுவிரலின் நுனியைக் கண்ணாடியில் வைத்து, நகத்தின் அகலத்திற்கு ஒரு கோடு இழுத்தார். மிகச் சிறிய கோடு.

பின்னால், மிகச் சிறிய திணறல்.

விரலை எடுத்தார். திணறல் நின்றது.

அதன் பிறகு அவர் கண்ணாடியைத் தொடவில்லை. இதை நில்தாவிடம் எந்தச் சொற்களால் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்றும் இருந்தது. நிறுத்திக் காத்திருக்கலாமா? இந்த உயரத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தைக்குக் கேடு. இறங்க வேண்டும். பார்க்காமல் இறங்க வேண்டும்.

ஜன்னலை முழுவதும் இறக்கி, தோள் வரை வெளியே சாய்ந்து, தம் முன்சக்கரத்தை மட்டும் பார்த்து ஓட்டினார். சக்கரம், அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலச் சேறு, அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. அருவிநீர் பிடரியில் விழுந்து முதுகு வழியே இறங்கியது. சேறு குறுகும்போது ஸ்டீயரிங்கை வலப்புறம் ஒடித்தார்; பாறை கதவைச் சுரண்டும்போது இடப்புறம் திருப்பினார். கழுத்து விறைத்தது. கண் எரிந்தது.

“ஜன்னல மூடு, பிள்ளைக்குக் குளிரும்.”

“முடியாது நில்தா.”

“அப்போ முன்னாடி இருக்கிறதைத் துடையேன்! வெள்ளையா இருக்கு, ஒண்ணுமே தெரியல!”

“துடைக்கக் கூடாது.”

“என்ன?”

“நீ அவன போர்த்திக்க. என்ன நடந்தாலும் அதைத் தொடாத. கேட்குதா? தொடாத.”

நில்தா கம்பளித் துணியை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டார்.

காற்று கனத்தது. குளிரின் கூர்மை போய், வாழையிலையும் புகையும் மணத்தன. காப்பித் தோட்டங்கள் நெருங்கியிருக்க வேண்டும். பின்னால் கிழிந்த துணியின் ஓசை படிப்படியாகத் தணிந்து, சாதாரணக் குழந்தையின் சாதாரண மூச்சாக மாறியது. பிறகு, அவர் முற்றிலும் எதிர்பாராதது. அதெமார் சிரித்தான். கொலுசு குலுங்கியதைப் போன்ற சிறிய சிரிப்பு.

“பாருய்யா உன் மகனை,” என்றார் நில்தா. “நம்மள இவ்வளவு பாடுபடுத்திட்டு, கால ஆட்டிக்கிட்டு விளையாடுறான். அப்படியே உன்ன மாதிரி.”

ரெனானும் சிரித்தார். தலையை உள்ளே இழுத்து, முகத்து நீரை வழித்துவிட்டு, மகனைப் பார்க்கத் திரும்பினார்.

திரும்பும் வழியில் அவர் கண் முன்கண்ணாடியில் பட்டது.

கண்ணாடி முழுவதும் வெண்மை தடித்துப் போயிருந்தது. யாரும் துடைக்காமல் விட்ட ஆவி, தன் கனம் தாளாமல், உச்சி விளிம்பில் மணிமணியாகத் திரண்டிருந்தது. அவற்றில் ஒன்று நடுங்கியது. சாய்ந்தது.

ஓடி இறங்கியது.

வெண்மையின் நடுவே கறுப்பாக ஒரு கோடு.

சிரிப்பு நின்றது.

அவர் பிரேக்கை மிதித்தார். கண்ணாடியின் மேல் பாய்ந்து, அந்தக் கோட்டின் மீது வாயை வைத்து, தம்மால் இயன்ற மட்டும் ஊதினார். சூடான மூச்சு. குளிர்ந்த கண்ணாடி. ஆவி படிய வேண்டும். எந்தக் குழந்தைக்கும் தெரியும், படிய வேண்டும்.

படியவில்லை.

“ரெனா! இவன்…”

“ஊது நில்தா! வந்து கண்ணாடியில ஊது!”

“உனக்குப் பைத்தியமா?”

“ஊதுடி!”

நில்தா குழந்தையின் உதடுகளைப் பார்த்தார். குழந்தையை அணைத்தபடியே இருக்கைகளின் இடையே புகுந்து வந்து, கணவரின் கன்னத்தோடு கன்னம் உரச, ஊதினார். இருவரும் ஊதினர். இரண்டாவது துளி ஓடியது. ஊதினர். கண்ணாடி அவர்களுடைய மூச்சை ஏற்கவில்லை. அவர் கை பாட்டிலைத் தேடியது. கதவைத் திறந்து, பூமித்தாய்க்கென அதைச் சேற்றில் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. எல்லாவற்றையும் அவரே கண்ணாடிக்குச் செலவழித்திருந்தார்.

மூன்றாவது துளி.

கோடுகளின் வழியே வெளியே தெரிந்தது. மேகம் விலகியிருந்தது. கொரோய்கோவின் விளக்குகள், மிக அருகில், தெருத் தெருவாக, மிகத் தெளிவாக.

துளிகள் கண்ணாடியின் அடிவிளிம்பை அடைந்தன. அங்கே ஈரம் தேங்கவில்லை. டாஷ்போர்டு எலும்பைப் போல உலர்ந்திருந்தது. அதன் அடியில், இருளில், யாரோ தண்ணீர் குடிக்கும்போது தொண்டைக்குழி ஏறி இறங்கும் ஓசை ஒன்று கேட்டது.

மடக்.

நில்தாவின் கையில் குழந்தை, வாய் திறந்தபடி, அசையாமல். இருவரும் ஊதிக்கொண்டே இருந்தனர்.

மேலே, கண்ணாடியின் விளிம்பு நெடுகிலும், அடுத்த துளிகள் வரிசையாகத் திரண்டு, கனத்து, சாயத் தொடங்கியிருந்தன.