ஊதா வெளிச்சத்தில் அம்சவல்லி

மதியம் இரண்டு மணிக்கே தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கை இருட்டாக்கிவிட்டார்கள். ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. வெளியே ரிங்லெட் ஊர்ப் பக்கமிருந்து ஏறிவந்த பனி. உள்ளே டெட்டால் வாசனை, அதற்கடியில் களைக்கொல்லி நெடி.

காலையில் மருந்து டேங்கில் தோட்டத்து நர்ஸ் மிஸ்ஸி நளினி ஒரு பொடியைக் கலந்திருந்தாள். மருந்து அடித்தவர்கள் ஊதா விளக்கின் கீழ் கையை நீட்டினால், தோலில் பட்ட இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். போன மாதம் அம்சவல்லி உடம்பில் மருந்து ஏறிச் செத்த பிறகு வந்த சோதனை இது.

வரிசையில் நின்ற நீலாவதிக்கு அவள் உயிர்த்தோழி. அம்சவல்லியே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்தாள் என்று கங்காணி தர்மேந்திரன் விசாரணையில் சொன்னான். அவன் நீலாவதியின் புருஷன். அவன் பேச்சை நம்பி, தானும் பார்த்ததாக நீலாவதி கையெழுத்துப் போட்டாள்.

"மொதல்ல நீங்க வாங்க, கங்காணி," என்றாள் நளினி.

"நான் டேங்க்கத் தொடவே இல்லலா, மிஸ்ஸி. என் கையில என்னா இருக்கப் போவுது, காலையில தின்ன நாசி லெமாக் சோறா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

விளக்கு எரிந்தது.

அவன் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

சின்ன விரல்கள். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

மீதிப் பாதியைக் கொழுந்து வெட்டும் மெஷினில் இழந்தவள் அம்சவல்லி.

நளினி ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தாள். போகவில்லை. "இது தோலு மேல இல்ல," என்று முணுமுணுத்தாள். "உள்ள இருக்கு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சைக் கை அவன் முழங்கைக்கு ஏறியது.

"விட்ரு, அம்சா!" தர்மேந்திரன் குரல் உடைந்தது. "ஸ்டோர்ல நல்ல கிளவுஸே இல்ல. ரெண்டு நாளுதானேன்னு ஒன்னோடத வாங்கி எம் பொண்டாட்டிக்குக் குடுத்தேன்..."

நீலாவதி இடுப்பில் செருகியிருந்த கையுறையை உருவினாள். ஆள்காட்டி விரலின் நடுவில் கறுப்பு டேப். பிய்த்தாள். குறுக்கே வரிசையாக, பிரித்த தையலின் ஓட்டைகள். அம்சவல்லி தன் அரைவிரலுக்காக மடித்துத் தைத்துக்கொண்ட இடம்.

"எலி கடிச்ச ஓட்டைன்னியே, பாவி! அவ மேல பழியப் போட என்னையும் கையெழுத்துப் போட வச்சியே!"

அதற்குள் பச்சை விரல்கள் அவன் தொண்டையில் இருந்தன.

நளினி பதறி விளக்கை அணைத்துக் கம்பளியை இழுத்தெறிந்தாள். பகல் வெளிச்சத்தில் அவன் கழுத்தில் ஒன்றுமே இல்லை. மூச்சு மட்டும் திணறிக்கொண்டிருந்தது.

நீலாவதியின் உள்ளங்கை சில்லிட்டது.

மருந்தடிக்கப் போகும் பாதையில் தோழிகள் இருவரும் முன்பு தினமும் கோத்துக்கொள்வது போலவே, அவள் விரலிடுக்குகளில் யாரோ விரல் நுழைத்தார்கள். நான்கு முழுசு. ஒன்று பாதி.

"எனக்குத் தெரியாதுடி, அம்சா..."

பிடி இறுகியது.