பெருமாள் எழுதிய வழி

“அப்படி ஒரு வழியே கெடையாதுங்க. இன்னாத்துக்குத் திருப்பித் திருப்பி அந்தப் போனையே காட்றீங்க?”

“நாற்பத்தொரு பேர் எழுதியிருக்காங்கம்மா. அஞ்சுக்கு நாலே முக்கால் ஸ்டார்.”

“போனோம்னு எழுதிக்கீறாங்க. திரும்பி வந்தோம்னு எவனாவது எழுதிக்கீறானா?”

சரத் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கோவிந்தம்மா இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதினாள். கோலார் தங்க வயலின் பாலகாட் பகுதியில் அந்தத் தள்ளுவண்டி மட்டும்தான் நிழலில் நின்றது. அதன் மேல் விடிகாலை ரயிலில் பெங்களூர் போகிறவர்களின் சட்டைகள் கழுத்துவரை பட்டன் போட்டு அடுக்கியிருந்தன. மணி நான்கு. கரிப்புகையும் சூடான பருத்தியும் கலந்த வாசனை அவனுக்குக் குமட்டியது. ஸ்டேஷனிலிருந்து இங்கே வருவதற்குள் மூன்று பேரிடம் கேட்டாகிவிட்டது. ஒருவன் மூடிப்போன கேன்டீனை அடையாளம் சொன்னான். ஒருவன் இடிந்துபோன ஆஸ்பத்திரியை. ஆட்டோக்காரன் செத்துப்போன ஐடா டீச்சரின் வீட்டை. இல்லாததை வைத்தே வழி சொல்லும் ஊர், என்று நினைத்துக்கொண்டான். இவர்களை நம்பியா ஒருவன் பயணம் கிளம்புவான்?

“காலையில ஒரு பொண்ணு வந்துதா? பச்சைச் சுடிதார், கையில கேமரா.”

“வந்துதே. இதே பக்கத்தைத்தான் அதுவும் காட்டிச்சு. வழி கெடையாது, பழைய சொரங்கக் குழி, ஷாப்டு கீது, போவாதம்மான்னேன். ‘லோக்கல் ஆளு பெருமாளே எழுதியிருக்காரு ஆன்ட்டி’ன்னுச்சு. இந்த மைன்ஸ் லைன் வூடுங்கள்ல எனக்குத் தெரியாத பெருமாள் யாருங்க? சரி, நானாவது கொஞ்ச தூரம் கூட வரேன்னேன். வேணாம்னு சிரிச்சிட்டுப் போச்சு. உங்களுக்கு இன்னா வேணும் அது?”

“தங்கச்சி.”

கோவிந்தம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அப்ப அந்தப் பெருமாளுக்குப் போன் போடுங்க. அவனை வரச் சொல்லுங்க. எங்க ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் கீது தம்பி. அண்டர்கிரவுண்டுல புது ஆளுக்கு வழி சொன்னா, சொன்னவன்தான் முன்னால நடந்து காட்டணும். கைய நீட்டிட்டு மேலயே நின்னுக்க முடியாது. எங்க மாமனார் காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

பெருமாளுக்குப் போன் போட முடியாது. பெருமாள் கிடையாது. எட்டு மாதம் முன்பு, பெங்களூரில் ஒரு ஏசி அறையில், மதியச் சாப்பாட்டுக்கும் மூன்று மணி மீட்டிங்குக்கும் இடையில் சரத் அவனை உண்டாக்கினான். அவன் வேலை பார்த்த பயண இணையதளத்துக்கு வாரம் இருபது ஊர்களைப் பற்றி எழுத வேண்டும். ‘உள்ளூர்க்காரர் சொல்கிறார்’ என்று போட்டால் மக்கள் நம்பினார்கள். கோலார் தங்க வயலுக்கு அவன் வந்ததே இல்லை. வர வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வெள்ளை மண் மேட்டுக்குப் பின்னால் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒற்றையடிப் பாதை என்று எழுதினான். வீடில்லாத சுவரில் ஒரு நீலக் கதவு. சைக்கிள் டயர் தொங்கும் வேப்பமரம். ஏழு படி, மூன்றாவது உடைந்தது. நின்று கேட்டால் மணிச்சத்தம். முதல் ஒன்பது பாராட்டுகளை அலுவலகத்திலேயே எழுதினார்கள். மற்றவை தானாக வந்தன. வந்தவர்கள் எழுதியதைப் படித்து அவன் சிரித்தான். நட்சத்திரம் ஒட்டினால் இந்த ஜனங்கள் கிணற்றுக்குள்ளும் இறங்குவார்கள்.

இன்று காலை பத்தரைக்குப் பல்லவி கூப்பிட்டாள். கல்லூரி புராஜெக்டுக்குப் படம் எடுக்க வந்திருக்கிறாளாம். “அண்ணா, நீ நம்ப மாட்ட. பெருமாள்னு ஒருத்தர் என்ன அழகா வழி எழுதியிருக்கார் தெரியுமா?” அது நான்தான்டி, போகாதே, என்று சொல்ல மூன்று விநாடி போதும். கண்ணில் பட்டதையெல்லாம் நம்பும் அவள் புத்தியை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. “லோக்கல் ஆள் சொன்னா சரியாத்தான் இருக்கும், போய்ப் பாரு” என்றான். பதினொரு மணியிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை.

“போலீஸுக்குச் சொல்லலாமா தம்பி?”

“வேணாம். சார்ஜ் போயிருக்கும். எங்கயாவது உக்காந்திருப்பா.”

போலீஸ் முதலில் கேட்பது, யார் இந்தப் பெருமாள் என்பதாக இருக்கும்.

“நான் வேணா வரேன், சர்ச் முனை வரைக்குமாவது.”

“போங்கம்மா, வேலையைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கடைசி வரிசை வீடுகளுக்கு அப்பால் ஊர் சட்டென்று முடிந்தது. சுரங்கக் கழிவு மண்ணின் சாம்பல் நிற மேடு எதிரே எழுந்தது, புல்லும் முளைக்காமல், மழை கீறிய கோடுகளோடு, பெரிய விலங்கொன்று முதுகைக் காட்டிப் படுத்திருப்பதுபோல. காற்று அதிலிருந்து நுண்ணிய தூளைக் கிளப்பிக்கொண்டு வந்து அவன் உதட்டில் வைத்தது. துருவும் பழைய பேட்டரியும் கலந்த ருசி, துப்பினாலும் போகாத ருசி. பின்னால் யாரோ குழந்தையைக் கூப்பிடும் குரல், குக்கர் விசில், ஒரு கன்னடப் பாட்டு, எல்லாம் சிறிது தூரம் கூடவே வந்தன, பிறகு ஒன்றொன்றாக நின்றுகொண்டன. மேட்டைச் சுற்றி ஒரு தடம் போனது. ஆடு மேய்ப்பவர்கள் போட்டதாயிருக்கும் என்று நினைத்தான். ஆனால் ஆட்டுப் புழுக்கை எங்கும் இல்லை. செருப்புத் தடங்கள் மட்டும். எல்லாம் ஒரே திசையில்.

சுவர் வந்தது. பின்னால் வீடு இல்லை. சுவரில் நீலக் கதவு.

அவன் நின்றான். பிறகு உரக்கவே சிரித்தான். இடிந்த ஊரில் இடிந்த சுவர் இருப்பதில் என்ன அதிசயம்? நீலம் இந்த ஊரில் மலிவாகக் கிடைத்திருக்கும். கதவைத் தள்ளியபோது பெயின்ட் ஈரமாக விரலில் ஒட்டியது.

கதவுக்கு அந்தப் பக்கம் வேப்பமரம். இலை ஒன்றும் அசையவில்லை. தாழ்ந்த கிளையில் தொங்கிய சைக்கிள் டயர் மட்டும், இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தான். தன் வரிகளைத் தானே படித்தான். மதியத் தூக்கக் கலக்கத்தில் தட்டிய வரிகள், ருசிக்காகச் சேர்த்த பொய்கள். கீழே எண் மாறியிருந்தது. நாற்பத்திரண்டு. புதியது பகல் பன்னிரண்டுக்கு வந்திருந்தது, பெயரில்லாமல்.

‘வழி சரியாக இருக்கிறது. பெருமாளுக்காக நிற்கிறோம்.’

அலுவலகத்தில் எழுதிய ஒன்பது போக மற்றவற்றை முதல்முறையாகக் கவனித்துப் படித்தான். ‘வந்து சேர்ந்தோம். பெருமாள் வரவில்லை.’ ‘அருமையான இடம். எப்போது வருவார்?’ ‘நிற்கிறோம்.’ ‘நிற்கிறோம்.’ இதை எப்படிச் சிரித்துக்கொண்டே படித்தான்? ஒருவரும் படம் போடவில்லை. ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்தான். இதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் வேறு எந்த ஊரைப் பற்றியும் எழுதவில்லை.

“பல்லவி!”

மேடு குரலை உறிஞ்சிக்கொண்டது.

மேலே ஏறும் படிகள். எண்ண வேண்டாம் என்று நினைத்தான். எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது உடைந்திருந்தது. உடைந்த விளிம்பில் பச்சை நூல் ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டான். திரும்பிவிடலாம். கோவிந்தம்மா வருவதாகச் சொன்னாளே. அந்த இஸ்திரி வண்டிக்காரி. அவள் இப்போது பக்கத்தில் இருந்தால். யாராவது இருந்தால்.

நான்கு. ஐந்து.

மணி அடித்தது. தொலைவில் இல்லை. காலுக்கு அடியில்.

ஆறு. ஏழு.

மேலே வெயில் இருந்தது. நல்ல, மஞ்சள் வெயில். வட்டமாக ஒரு மதில், ஒரு பக்கம் இடிந்திருந்தது. இடிந்த வாய் வழியாக உள்ளே ஷாப்டின் கறுப்பு. அதிலிருந்து குளிர்ந்த காற்று, மூச்சுபோல, விட்டுவிட்டு வந்தது.

அவர்கள் வரிசையில் நின்றார்கள்.

முதுகைக் காட்டி. ஒருவர் பின் ஒருவராக. முதுகுப்பை, தொப்பி, தண்ணீர் பாட்டில். முடியும் தோளும் சாம்பல் தூள் படிந்து ஒரே நிறம். ஒவ்வொரு கையிலும் போன். ஒவ்வொரு போனிலும் அவன் எழுதிய பக்கம். வரிசையின் முன்னால், முதல் ஆளின் காலடிக்கும் அந்தக் கறுப்புக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கும் இடம் காலி.

வரிசையின் இந்த முனையில் பச்சைச் சுடிதார்.

“பல்லவி. வா. வீட்டுக்குப் போலாம்.”

அவள் திரும்பவில்லை.

“பெருமாள்னு யாரும் இல்லடி. நான்தான் எழுதினேன். சும்மா எழுதினேன்.”

அப்போது திரும்பினாள். எல்லாரும் திரும்பினார்கள். ஒரே நேரத்தில், சத்தமில்லாமல். இமைகளிலும் தூள். அவர்கள் இரு பக்கமாக ஓர் அடி நகர்ந்தார்கள். நடுவே பாதை திறந்தது. நேராக. அந்தக் காலி இடம் வரைக்கும்.

மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பல்லவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர்ந்த, தூள் படிந்த விரல்கள். பிறந்ததிலிருந்து அவனை நீ என்று மட்டுமே கூப்பிட்டவள்.

“தெரியும். ரொம்ப நேரமா நிக்கிறோம்” என்றாள். “எங்களுக்கு வழி தெரியாது. நீங்க கொஞ்சம் முன்னால நடந்து காட்டுங்க, பெருமாள் அண்ணா.”