ஜெனோவா சேர்த்த தாள்

ஒன்றிமதி என்ற சிந்திக்கும் இயந்திரம் வந்தபிறகு அந்தத் தூத்துக்குடி ஆலையில் வரைபவர், செய்பவர் என்ற பேதம் ஒழிந்தது. கடல் தாண்டும் பறவையூர்தியின் இறக்கையை வடிவமைப்பதும், கார்பன் இழையாலான கரிநார்த் தாள்களை எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் ஒட்டுவது என்று சொல்வதும் அந்த இயந்திரம்தான். முடிந்த இறக்கையை வளைத்துப் பார்த்து அடுத்த வரைபடத்தைத் திருத்துவதும் அதுவே. மனிதருக்கு மிஞ்சியது தாள் அடுக்கும் வேலை மட்டும்.

ஜெனோவா அடுக்கினாள். அவள் கணவன் ரெக்ஸ்டன் அப்படியொரு ஊர்தியை ஓட்டினான். அதனால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில், வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு, வரைபடத்தில் இல்லாத ஓர் அடுக்கை யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிடுவாள்.

இறக்கை எதிர்பார்த்ததைவிட உறுதியாக இருக்கவே, ஒன்றிமதி அடுத்த வரைபடத்தில் ஓர் அடுக்கைக் குறைத்தது. அவள் பதறிப்போய் இரண்டு சேர்த்தாள். அது மேலும் குறைத்தது. கடைசியில், இந்த ஆலையின் இறக்கை தோற்றதே இல்லை என்று சோதனையையும் நிறுத்திவிட்டது.

பனிமய மாதா திருவிழாவுக்கு விடுப்பில் போய்த் திரும்பியபோது, அவள் மேசையில் ஓர் இயந்திரக் கை நின்றது.

“அண்ணாச்சி, இது அடுக்குன இறக்கை எங்க?” மேற்பார்வையாளர் தில்லைவாணனிடம் கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரரு ஊர்தியில மாட்டியாச்சும்மா. காலையிலயே கெளம்பிட்டாரு. இம்மி பிசகாம படத்துல உள்ளபடியே அடுக்கிருக்கு.”

“படத்துல உள்ளபடியேவா? ஐயோ, மாதாவே!”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தில்லைவாணன் உடனே ஊர்தியை அழைத்துத் திரும்பச் சொன்னார்.

“திரும்புதேன் அண்ணாச்சி. காத்துதான் கொஞ்சம் பலமா இருக்கு,” என்றது ரெக்ஸ்டனின் குரல். அதன்பின் குரல் வரவில்லை. மறுநாள் இறக்கையின் ஒரு துண்டு மட்டும் கரை ஒதுங்கியது.

“நீ சேர்த்தத வெளிய சொல்லிராத. ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்,” என்றார் தில்லைவாணன். அவள் அதை விசாரணையில் மறைத்துவிட்டாள்.

விபத்தை ஆராய்ந்த ஒன்றிமதி, அடுக்கும் கை மாறியதே காரணம் என்று முடிவுகட்டியது. இயந்திரக் கையைத் தாள் வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டு, ஜெனோவாவைத் திரும்ப அழைத்தது.

புது வரைபடம் வந்தது. ஒன்றிமதியின் கணக்கில் அவள் கையின் மதிப்பு இப்போது கூடியிருந்தது. அதற்கேற்ப இன்னும் ஓர் அடுக்கு குறைந்திருந்தது.

ஜெனோவா, வெட்டி மிஞ்சிய துண்டுகள் விழும் தொட்டியைத் திறந்தாள். இயந்திரக் கை மிச்சமே வைக்காமல் வெட்டியிருந்தது.