ஞானபாய் எடுத்த ஒலி

கிளாடிஸ் டீச்சர் வீட்டுக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். துறைமுகத்துக் கரித்தூள் ஜன்னல் கம்பியிலெல்லாம் படிந்திருந்தது. அவருடைய பப்பா மனுவேல் அறுபது வருஷத்துக்கு முன்னால் கடலுக்கடியில் பதிவு செய்த ஒலிநாடாக்களை எடுத்து வைத்திருந்தார். இந்தக் கரையில் கடலடிச் சத்தத்தை முதலில் பதிவு செய்தவர் மனுவேல்தான் என்று மறுநாள் ஒரு கண்காட்சி. ஒலியைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. இருபது வருஷ ஸ்டுடியோ அனுபவம். என் காதுக்கு எதுவும் தப்பாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

ஹெட்போனை மாட்டினேன்.

நீர்க்குமிழிகள். சிப்பிகள் உரசும் கரகரப்பு. அப்புறம், மிக அருகில், கண்ணாடி வளையல்.

மறுபடியும் வளையல்.

"டீச்சர், உள்ள முங்கினது பொம்பள ஆளுல்லா?"

அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தணித்தார். "எங்க அம்மை, ஞானபாய். வள்ளத்துல மெஷின வச்சுட்டு, மைக்க ரப்பர் டியூப்புல சுத்தி அவளேதான் கொண்டு எறங்குவா. பப்பாவுக்கு மெஷினத் தொடவே தெரியாது. நான் கைப்புள்ளையா இருக்கயில, கயிறு அறுந்து செத்துட்டா. அந்த மாசமே டேப்பையெல்லாம் பப்பா தன் பேருல வெளிய கொடுத்துட்டாரு."

இங்கே முத்துக் குளிப்பவன் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பதால் வந்த பழக்கம்.

"அம்மைக்கு யாரு கயிறு புடிச்சா?"

"எப்பவும் அவ அண்ணன். அன்னைக்கு மட்டும் பப்பா."

கடைசி நாடாவைப் போட்டேன். கயிற்றைச் சுண்டும் சத்தம், இரண்டு முறை. மேலே தூக்கு என்பதற்கான சைகை அது. மறுபடி இரண்டு. பிறகு விடாமல், வேகவேகமாக.

கயிறு அறுபடவில்லை.

நாடா தீரும்வரை அது விறைத்து நின்று முனகியது. மேலே பிடித்திருந்தவர் தூக்கவே இல்லை.

ஹெட்போனை நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"பேரு பப்பா பேராவே இருக்கட்டும் தம்பி. அந்தக் கடைசித் துண்ட வெட்டிருங்க. ஊருக்குள்ள தலைகாட்டணும்லா."

பெற்றவளுக்கு ஒரு மகள் இப்படிச் செய்வாளா என்று ஆத்திரம் வந்தது. ஆனாலும் வெட்டினேன். மனுவேல் என்று பெயரடித்து அனுப்பியும் விட்டேன். நமக்கென்ன வந்தது என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை, திறப்பு விழாவுக்குக் கிளம்பும்போது டீச்சர் போன் செய்தார்.

"தம்பி..." மூச்சு வாங்கியது. "என் கையில ஒரு கயிறு கெடக்கு. நனைஞ்ச கயிறு. தரைக்குள்ள எறங்கிப் போவுது. கீழ இருந்து அம்மை சுண்டுதா."

"தூக்குங்க டீச்சர்!"

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். என் ஒருத்தியால முடியல. நீங்களும் புடிங்க தம்பி."

இணைப்பு அறுந்தது.

என் வலது உள்ளங்கை எரிந்தது. அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் விரல்கள் தாமாக இறுக மூடிக்கொண்டன. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மணிக்கட்டு வழியாக உப்புத் தண்ணீர் வடிந்தது.

கீழிருந்து சுண்டினாள்.

இரண்டு முறை.